அடுப்புச் சாம்பலும் திருநீறும்

விறகோ வரட்டியோ முழுதாக எரிந்தபின் மிஞ்சும் பொடி சாம்பல். சைவக் குடும்பங்களின் வீடுகளில் அதற்கு இரண்டு இடங்கள் இருந்தன. பூசை மாடத்துச் சம்புடத்தில் அது திருநீறு. கொல்லைப்புறத்துச் சட்டியில் அது பாத்திரம் துலக்கும் பொடி. ஒன்றை நெற்றியில் இட்டுக்கொள்வார்கள், தரையில் சிந்தினால் கால் படாமல் துடைத்தெடுப்பார்கள். மற்றொன்றைக் கத்தரிச் செடிக்குத் தூவுவார்கள், அதைத் தொட்டு மீன் ஆய்வார்கள், மிஞ்சியதைக் குப்பைக்குழியில் கொட்டுவார்கள். இரண்டும் தீயில் வெந்த பொடிதான். ஒன்று வணங்கத்தக்கதாகவும் மற்றொன்று வெறும் புழங்குபொருளாகவும் பிரிவது எதனால்? பொருளின் தன்மையாலா, செய்முறையாலா, அணிபவரின் கருத்தாலா? சைவ மரபு இந்தக் கேள்விக்கு ஒரே விடையைச் சொல்லவில்லை.

இதை ஆராயச் செஞ்சி வட்டாரத்தில் சான்றுகள் நிறைய உண்டு. செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்துள்ள சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த சிவன் கோயில் இருக்கிறது. அதே ஊரின் குன்றில் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன. செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் உள்ளது. மேல்மலையனூரில் சுடுகாட்டோடு பிணைந்த அங்காளம்மன் வழிபாடு நடக்கிறது. சாம்பலை இறைவனின் அடையாளமாகக் கொண்டவர்களும் அப்படிக் கொள்ளாதவர்களும் பல நூற்றாண்டுகளாக இங்கே அடுத்தடுத்து வாழ்ந்து வருகிறார்கள்.

சாம்பலில் இருப்பது

மரம் எரியும்போது கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் ஆகியவை காற்றோடு போய்விடுகின்றன. வேர் மண்ணிலிருந்து உறிஞ்சிய தாது உப்புகள் தங்கிவிடுகின்றன. உலர்ந்த விறகின் எடையில் சாம்பல் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். பட்டையிலும் இலையிலும் கூடுதலாகக் கிடைக்கும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து. அடுத்து வருவது சாம்பல் சத்து என்றே உழவர்கள் சொல்லும் பொட்டாசியம். மக்னீசியமும் மணிச்சத்தும் சிறிதளவு இருக்கும். தழைச்சத்து அநேகமாக இருக்காது. 1807இல் ஹம்ப்ரி டேவி பொட்டாசியத்தைத் தனியே பிரித்தெடுத்த பொட்டாஷ், அக்காலத்தில் மரச்சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்துக் காய்ச்சி எடுத்த உப்பிலிருந்து கிடைத்ததே.

எரிபொருள் மாறினால் சாம்பலும் மாறும். உமிச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. வைக்கோல் தின்ற மாட்டின் சாணத்திலும் சிலிக்கா மிகுதி. வரட்டி தட்டும்போது ஒட்டிய மண்ணும் சேர்ந்துகொள்ளும். அதனால் வரட்டிச் சாம்பலில் காரம் குறைவு, நறநறப்பு கூடுதல். விறகுச் சாம்பலை நீரில் கரைத்தால் அதன் கார அளவு (pH) 10 முதல் 12 வரை போகும்.

சாம்பலுக்கு நான்கு குணங்களைச் சொல்லலாம். அழுக்கை நீக்கும். ஈரத்தை உறிஞ்சும். அழுகாது. எரிய வேண்டியதெல்லாம் எரிந்து முடிந்ததால் மறுபடி தீப்பற்றாது. வீட்டுப் பயன்கள் முதல் இரண்டு குணங்களைச் சார்ந்தவை. சமய விளக்கங்கள் நான்கையும் எடுத்துக்கொள்கின்றன.

வீட்டில்

பாத்திரம் துலக்குவதில் சாம்பல் இரண்டு வேலை செய்கிறது. அதிலுள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து ஓரளவு சோப்பாக மாறுகிறது; நுண்துகள்கள் கறையைத் தேய்த்தெடுக்கின்றன. பித்தளை, வெண்கலத்துக்குப் புளியை முதலில் தேய்ப்பதே முறை. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும். அதைக் கழுவிவிட்டுத் தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும். இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். அலுமினியப் பாத்திரத்தைச் சாம்பலின் காரம் அரிக்கும். வெள்ளீயம் பூசிய பாத்திரத்தின் உட்புறத்தில் நறநறப்பு பூச்சைத் தேய்த்துவிடும்.

விரால், கெளுத்தி போன்ற வழுக்கும் மீன்களை ஆயும்போது சாம்பலைப் பூசிக்கொள்வதால் வழவழப்பு உறிஞ்சப்பட்டுக் கைப்பிடி கிடைக்கிறது. குழந்தை வாந்தியெடுத்த இடத்தில் சாம்பலைக் கொட்டி அள்ளுவதும் இதே காரணத்தால்தான். சாம்பலால் பல் துலக்கும் வழக்கமும் இருந்தது. உமிச்சாம்பல் பல்லை வெளுக்கும், ஆனால் நாளடைவில் பல்லின் மேற்பூச்சைத் தேய்க்கும். காயத்திலும் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியிலும் சாம்பல் வைக்கும் பழக்கத்தை மருத்துவர்கள் விலக்கச் சொல்கிறார்கள். கிடந்த சாம்பலில் கிருமி சேரும், இரணசன்னி வரக்கூடும். தொப்புள்கொடி சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் போதும்.

தானியத்தையும் விதையையும் காப்பதில் சாம்பலுக்கு நெடுங்கால வழக்கு உண்டு. பயறு வகைகளைச் சாம்பலோடு கலந்து குதிரிலோ பானையிலோ வைத்தால், பொடி விதைகளுக்கு இடையிலுள்ள சந்துகளை அடைத்துவிடும். வண்டு நகர்ந்து முட்டையிட இடம் இருக்காது. வண்டின் மேல்தோலிலுள்ள மெழுகுப் படலம் உராய்வில் கெட்டு, உடலின் ஈரம் வற்றி அது சாகும். சுரை, பூசணி, பீர்க்கு விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைப்பதும் ஈரம் வாங்கி முளைப்புத் திறனைக் காக்கத்தான்.

தோட்டத்தில்

கத்தரி, அவரை, வெண்டையில் அசுவினி பற்றினால், பனி ஈரம் இருக்கும் விடியற்காலையில் சலித்த சாம்பலை இலைகளின் மேலும் கீழும் தூவுவார்கள். ஈரத்தில் ஒட்டிய சாம்பல் பூச்சிகளை வற்றச்செய்யும். மழை பெய்தாலோ தண்ணீர் தெளித்தாலோ கரைந்து போகும். மறுபடி தூவ வேண்டும். இலை முழுவதையும் கனமாக மூடிவிட்டால் செடிக்கு வெளிச்சம் குறையும்.

உரமாகப் பார்த்தால் சாம்பல் சுண்ணாம்பும் பொட்டாசியமும் தரும். வாழையும் தென்னையும் பொட்டாசியம் நிறைய எடுத்துக்கொள்ளும் பயிர்கள். வாழைத்தூருக்கும் தென்னம்பாத்திக்கும் சாம்பல் போட்ட பழைய வழக்கத்துக்கு இதில் நியாயம் இருக்கிறது. காய்கறிப் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு 50 முதல் 70 கிராம் வரை, ஆண்டுக்கு ஒருமுறை மண்ணில் கொத்திவிட்டால் போதும். புளிப்பு மிகுந்த செம்மண்ணுக்கு அது மருந்து. களர் நிலத்திலும் ஏற்கெனவே காரம் மிகுந்த மண்ணிலும் போட்டால் இரும்பு, துத்தநாகச் சத்துகள் செடிக்கு எட்டாமல் போய் இலை வெளுக்கும். யூரியாவோடும் பச்சைச் சாணத்தோடும் கலக்கக்கூடாது. கலந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், பிளாஸ்டிக் எரிந்த சாம்பலில் ஈயம் முதலிய நஞ்சுகள் இருக்கலாம் என்பதால் அது வீட்டுக்கும் ஆகாது, தோட்டத்துக்கும் ஆகாது. நீறு பூத்த நெருப்பு என்ற வழக்கு எச்சரிக்கையாகவும் கொள்ளத்தக்கது. மேலே ஆறிய சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். இரும்புத் தகர டப்பாவில் மூடிவைத்து நன்றாக ஆறியபின்தான் அள்ள வேண்டும்.

திருநீறாகும் முறை

இதே பொடி திருநீறாவதற்கு ஆகமங்களும் அவற்றைத் தழுவிய நூல்களும் செய்முறை வகுத்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையில் பிள்ளைகளுக்கும் விளங்கும்படி இதைத் தொகுத்தார். மரபு சொல்லும் வகை நான்கு. கன்று ஈன்ற, நோயற்ற பசுவின் சாணத்தை நிலத்தில் விழுமுன் ஏந்தி, மந்திரம் ஓதி உருண்டையாக்கிச் சிவாக்கினியில் எரிப்பது கற்பம். காட்டில் உலர்ந்து கிடந்த சாணத்தை எடுத்து முறைப்படி எரிப்பது அநுகற்பம். காட்டுத்தீயிலும் சூளையிலும் உண்டான சாம்பலை எடுத்துப் பசுவின் நீர் விட்டுப் பிசைந்து மீண்டும் முறைப்படி எரிப்பது உபகற்பம். மந்திரமோ முறையோ இன்றிக் கிடைத்தது அகற்பம். நிறமும் வெண்மையாக இருக்க வேண்டும். கருமை, செம்மை, மஞ்சள், புகைநிறம் கூடாது. வெண்மை வேண்டும் என்ற விதிக்கு வேதியியல் காரணம் எளிது. கரி மிச்சமிருந்தால் பொடி கறுத்துக் காணும். முழுதாக எரிந்தால்தான் வெளுக்கும்.

இந்தப் பகுப்பில் கவனிக்க வேண்டியது மூன்றாவது வகை. காட்டுத்தீயின் சாம்பலும் சூளைச் சாம்பலும் தாமாகத் திருநீறு அல்ல. ஆனால் திருநீறாக முடியாதவையும் அல்ல. மறுபடி தீயிலிட்டு, மந்திரத்துக்கு உட்படுத்தினால் போதும். ஆகம நோக்கில் புனிதம் பொருளில் பிறவியிலேயே ஊறியது அன்று, வினையால் ஏற்றப்படுவது. நான்காவது வகையை மரபு கடைநிலையில் வைத்தாலும் பட்டியலுக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பதும் எண்ணத்தக்கது.

சைவ சித்தாந்தம் இதற்குப் பொருள் சொல்கிறது. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலமும் ஞானத் தீயில் நீறாக வேண்டும் என்பதை நெற்றியின் மூன்று குறிகள் நினைவூட்டுகின்றன. உயிர் தூய்மை பெறுவதை அழுக்கு நீக்கும் பொடி குறிக்கிறது. அனைத்தும் ஒடுங்கியபின் எஞ்சுபவன் சிவன் என்பதை, எரிந்தபின் எஞ்சி, மறுபடி எரியாத பொடி குறிக்கிறது. பாத்திரத்தைத் துலக்கிய கைகளுக்கு அந்தக் குறிப்பு விளக்கமின்றியே புரிந்திருக்கும். சாம்பலின் வீட்டுப் பயன் தெரியாத ஒரு சமூகத்தில் இந்த அடையாளம் இவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்க முடியாது.

மகேந்திரனின் குகையும் நாடகமும்

சீயமங்கலத்துக் குடைவரையின் கல்வெட்டு, லலிதாங்குரன் என்னும் பட்டப்பெயர் கொண்ட மகேந்திரன் அதற்கு அவனிபாஜன பல்லவேசுவரம் என்று பெயரிட்டதைச் சொல்கிறது. இன்று இறைவன் தூணாண்டார் எனப்படுகிறார். முகப்பில் அரைத்தூண் ஒன்றின் மேற்பகுதியில் செதுக்கப்பட்ட ஆடும் சிவன், தமிழகத்தின் மிகப் பழைய ஆடவல்லான் சிற்பங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. விழுப்புரம் மாவட்டத்தின் மண்டகப்பட்டில் இதே மன்னன் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டுப் பொறித்தான். எரிந்து சாம்பலாகக்கூடிய மரத்தைக் கோயிலிலிருந்து நீக்கியவன், சாம்பல் பூசும் கடவுளை அந்தக் கோயில்களில் வைத்தான்.

அவனே மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி நகைச்சுவை நாடகத்தையும் எழுதினான். காஞ்சியில் நடக்கும் அந்தக் கதையில் காபாலிகன் என்னும் சைவத் துறவி ஒருவன் கள்மயக்கில் தன் கபாலப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டுப் பௌத்தத் துறவி மேல் திருட்டுப் பழி சுமத்துகிறான். வழக்கைத் தீர்க்க வருபவன் பாசுபதன், இன்னொரு சைவப் பிரிவின் துறவி. நாளுக்கு மூன்று வேளை சாம்பலில் குளிப்பதைப் பாசுபத நூல் விதியாகவே சொல்கிறது. காபாலிகரும் உடலெங்கும் நீறு பூசியவர்கள். சிவனுக்குக் கோயில் குடைந்த அரசன் நீறு பூசிய துறவிகளை மேடையில் வைத்துச் சிரிக்க முடிந்தது. பூச்சு வேறு, பண்பு வேறு என்ற தெளிவு அக்காலச் சிவநெறிக்குள்ளேயே இருந்தது என்பதற்கு இது சான்று.

மடைப்பள்ளியும் உவர்மண்ணும்

அடியார் கதைகள் ஆகமத்திலிருந்து சற்று விலகிய விடையைத் தருகின்றன. தருமசேனர் என்ற பெயரில் சமணத் துறவியாக இருந்த அப்பர், சூலைநோயோடு திருவதிகைக்கு வந்தபோது தமக்கை திலகவதியார் கொடுத்தது திருநீறு. மதுரையில் பாண்டியனின் வெப்புநோயைச் சம்பந்தர் தீர்த்ததும் திருநீற்றால்தான். அந்த நீறு கோயில் மடைப்பள்ளியில் எடுத்த அடுப்புச் சாம்பல் என்று மதுரை மரபு சொல்கிறது. தனியே மந்திரித்த பொடி என்று எதிர்த்தரப்புச் சமணர்கள் ஐயப்படக்கூடாது என்பதற்காகச் சமையல் அடுப்பிலிருந்தே எடுத்தார் என்பது கதை. விறகுச் சாம்பலுக்கும் திருநீற்றுக்கும் இடையிலுள்ள கோடு இங்கே முழுதாக அழிகிறது.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் சேரமான் பெருமாள் நிகழ்ச்சி அந்தக் கோட்டை இன்னும் தள்ளிக்கொண்டு போகிறது. துணி வெளுப்பதற்கான உவர்மண்ணைச் சுமந்து வந்த வண்ணார் ஒருவர் மழையில் நனைந்தார். மண் கரைந்து மேனியில் வழிந்து காய்ந்து வெள்ளையாய்ப் பூத்தது. யானைமேல் உலா வந்த சேரமன்னர் அதைத் திருநீற்றுக் கோலமாகக் கண்டு இறங்கி வணங்கினார். வண்ணார் பதறி, தாம் வெறும் வண்ணான் என்று சொல்ல, மன்னர் தம்மையும் அவருக்கு அடியவராகவே சொல்லிக்கொண்டார். அந்த மேனியில் இருந்தது சாம்பலே அல்ல. சலவைக்கு உதவும் கார மண். புனிதம் பொருளில் இருந்தால் மன்னர் ஏமாந்தவர். சேக்கிழாரோ அவரை ஏமாந்தவராகக் காட்டவில்லை, அடியாராகக் காட்டுகிறார். ஒரு தொழிலாளியின் உடலில் படிந்த வேலை அழுக்கு வணக்கத்துக்கு உரியதானது, பார்த்த கண்ணின் கருத்தால்.

இதன் மறுபக்கம் திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார் கதை. பகைவன் முத்தநாதன் நீறு பூசிய வேடத்தில் சுவடிக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்து மன்னரைக் குத்துகிறான். இறக்கும் தறுவாயில் மன்னர் அவனைப் பத்திரமாக ஊர் எல்லைவரை கொண்டுவிடச் சொல்கிறார். அணிந்தவன் பொய்யன், வணங்கியவரின் பொருள் மட்டும் மெய். அணிபவரின் மனமே நீற்றைப் புனிதமாக்குகிறது என்ற எளிய விடை இந்தக் கதைக்கு முன் நிற்காது. வேடத்தின் உள்ளே என்ன இருந்தாலும் அடையாளத்துக்கு உரிய மதிப்பைக் கொடுப்பது வணங்குபவரின் கடமை என்கிறது இது. புறக்கோலத்தை மட்டும் நம்புவதைச் சித்தர்கள் கண்டித்தார்கள். மகேந்திரனின் சிரிப்பும் சித்தர்களின் கண்டனமும் ஒரு பக்கம், மெய்ப்பொருளாரின் பணிவு மறுபக்கம் என இந்த வாதம் முடியாமலே தொடர்ந்து வந்திருக்கிறது.

அண்டை மரபுகள்

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மாசி மாதம் சிவராத்திரியை அடுத்து நடக்கும் மயானக் கொள்ளையில், விளைந்த தானியமும் காய்கறியும் சுடுகாட்டில் சூறைவிடப்படுகின்றன. வயலின் விளைச்சலும் மயானத்தின் சாம்பலும் ஒரே சடங்கில் சந்திக்கின்றன. ஆகமம் தூய பசுஞ்சாணத்தைத் தேடுகிறது. இங்கே தீட்டு என்று விலக்கப்படும் இடத்துச் சாம்பலே அம்மனின் அருளாகிறது.

சமணத்தில் சாம்பல் சின்னம் அல்ல. திகம்பரத் துறவிகள் தலைமுடியைக் கையால் பறித்துக்கொள்ளும் நோன்பின்போது, மயிர் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தடவிக்கொள்கிறார்கள். மீன் ஆயும்போது கைப்பிடி கொடுத்த அதே குணம் இங்கே துறவுக்கு உதவுகிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் கல்வெட்டு குறிக்கிறது. வினையைத் தவத்தால் எரிப்பதே சமணத்தின் வழி. எரிந்ததன் எச்சத்தை அணிய வேண்டிய தேவை அந்நெறிக்கு இல்லை.

தமிழ்க் கத்தோலிக்கர் தவக்காலத்தைத் திருநீற்றுப் புதனோடு தொடங்குகிறார்கள். முந்திய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பல் நெற்றியில் சிலுவையாகப் பூசப்படுகிறது. மனிதன் மண்ணுக்குத் திரும்புபவன் என்பதே அதன் நினைவூட்டல். ஷீரடியில் சாயிபாபாவின் துனி என்னும் அணையா நெருப்பில் எரியும் விறகின் சாம்பல் உதியாக வழங்கப்படுகிறது. பொருளும் பெயரும் சடங்கும் மாறினாலும், எரிந்து முடிந்ததை முகத்தில் ஏற்பது என்ற செயல் சமயங்களைக் கடந்து காணப்படுகிறது.

விடை

மூன்று விடைகளையும் நிறுத்துப் பார்க்கலாம். பொருளே புனிதம் என்பது நிற்காது. அளவு மாறினாலும் ஒரே தாது உப்புகள்தான் இரு பொடிகளிலும் உள்ளன, மரபும் எல்லாச் சாம்பலையும் திருநீறு என்று சொல்லவில்லை. செய்முறையே புனிதம் என்பது ஆகமத்துக்குப் பொருந்தும். மடைப்பள்ளிச் சாம்பலையும் உவர்மண்ணையும் அது விளக்காது. கருத்தே புனிதம் என்பது அடியார் கதைகளை விளக்கும். ஆனால் கருத்து மட்டும் போதுமென்றால் எந்தப் பொடியும் போதும். இன்று கடைகளில் சாணமே படாத வெள்ளைப் பொடிகளும் விபூதி என்ற பெயரில் விற்கின்றன. சேரமானின் அளவுகோலில் அதை வணங்குபவர் குறைந்தவர் அல்லர். நாவலரின் அளவுகோலில் அதை விற்பவர் குற்றவாளி. வணங்குபவருக்குக் கருத்தும், செய்பவருக்கு முறையும் அளவுகோல் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு மரபும் முரண்படவில்லை.

சமையல் எரிவாயு வந்தபின் பெரும்பாலான வீடுகளில் அடுப்புச் சாம்பல் இல்லாமல் போய்விட்டது. திருநீறு மட்டும் பொட்டலத்தில் வருகிறது. சாம்பல் துலக்குவதையும் காப்பதையும் கண்ணால் பார்க்காத தலைமுறைக்கு, திருநீற்றின் பொருளைச் சொல்லித்தான் விளக்க வேண்டியிருக்கிறது. அடுப்புச் சாம்பலைத் தோட்டத்தில் இடுவதால் திருநீற்றுக்கு இழுக்கு இல்லை. அந்தப் பயன்களிலிருந்துதான் திருநீறு தன் பொருளைப் பெற்றது.